சோதிக்காத குப்பி

போலீஸ் வந்தபோது நான் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் உப்புச் சோதனை செய்துகொண்டிருந்தேன். பி.எஸ்சி. வேதியியல், கடைசி வருஷம். எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் முற்றி, பாறசாலையில் ரோட்டின் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். நகரத்துக்கு பஸ் இல்லை. கல்லூரிக்குப் போக வழியில்லை, ஆனால் செய்முறைத் தேர்வை யாரும் தள்ளிவைக்கவுமில்லை. மருந்துக்கடையில் வாங்கிய உப்புகள், தட்டான் கடையில் கெஞ்சி வாங்கிய கொஞ்சம் அமிலம், ஸ்பிரிட் விளக்கு, ஊதுகுழல், கரிக்கட்டை. இவற்றை வைத்து நானே படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் பி.டி. முடித்து அங்கேயே டீச்சராக வரவேண்டும் என்பது அவர் முடிவு. சயின்ஸ் படித்த பெண் டீச்சராகலாம், வசதியிருந்தால் டாக்டராகலாம். எங்கள் பக்கத்தில் வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. எனக்கு இரண்டிலும் மனமில்லை. தெரியாத ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அது இன்னதென்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்திருந்தது. அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டா என்றுகூடத் தெரியாது.

அண்ணனுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போன ஊர்வலங்களில் எல்லாம் முன்னால் நின்றான். முந்தின வாரம் நெய்யாற்றின்கரை ரோட்டில் ஒரு பஸ்ஸைக் கல்லெறிந்து நிறுத்தினார்கள். கண்ணாடி உடைந்து ட்ரைவரின் ஒரு கண் போய்விட்டது. மலையாளம் பேசுகிறவர், எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முன் பெஞ்சில் இருப்பார். முகத்தைத் துண்டால் பொத்தி அவரைத் தூக்கிப்போனதை நான் பார்த்தேன். துண்டு முழுவதும் சிவப்பு.

"நீ எறிஞ்சியா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நான் கொடி பிடிச்சேன் பிள்ளே. அவ்வளவுதான்."

எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவனுக்கு வெடிகுண்டு செய்யத் தெரியாது என்பது நிச்சயமாகத் தெரியும்.

போலீஸ் தேடியது வெடிகுண்டைத்தான். முன்வாசலில் அண்ணனைப் பிடித்து, தலைமுடியைப் பற்றிச் சாய்ப்புக்கு இழுத்து வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார்.

"இது ஆருடேதாடா?"

அண்ணன் வாய் திறக்குமுன் லத்தி அவன் வாயில் விழுந்தது. பல் உடைந்து ரத்தத்தோடு என் பாவாடையில் தெறித்தது. "என்னுடையது சார், நான் காலேஜில் படிக்கிறேன்" என்று மலையாளத்தில் கத்தினேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். இவனைக் காப்பாற்ற இவள் பொய் சொல்கிறாள் என்று மற்றவர்களிடம் சொன்னார். அதன் பிறகு நான் சொன்னது எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஒருவர் அண்ணனின் முதுகில் பூட்ஸ் காலை வைத்து அழுத்த, இன்னொருவர் முழங்காலின் பின்பக்கம் அடித்தார். அம்மா வாசலில் விழுந்து கதறினாள். அப்பாவை இரண்டு பேர் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள்.

ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் மேசையைத் தட்டிவிட்டார். அமிலக் குப்பி உடைந்து அவருடைய செருப்புக் காலிலேயே கொட்டியது. அவர் அலறிக்கொண்டு கையால் துடைக்கப் போனார். "தொடாதீங்க!" என்று ஓடி, குடத்துத் தண்ணீரை விடாமல் அவர் காலில் ஊற்றினேன். தோல் வெந்து மஞ்சளாகிவிட்டது. நான் குனிந்து ஊற்றிக்கொண்டிருக்க, என் பின்னால் அண்ணனை அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது. கீழே கிடந்த மற்றக் குப்பிகளும் நனைந்தன. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அண்ணனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வழக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில் நடந்தது. அண்ணன் கூண்டில் நின்றபோது முகம் ஒரு பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது. கான்ஸ்டபிள் காலில் கட்டோடு வந்திருந்தார், என் பக்கம் திரும்பவேயில்லை. முதலில் கூப்பிட்ட சாட்சி வேட்டி கட்டிய, மெலிந்த மனிதர். தொழில் என்னவென்று கேட்டதும் "அரசு இரசாயனப் பரிசோதகர்" என்றார். அப்படியொரு தொழில் உண்டென்று நான் தெரிந்துகொண்டது அந்த நிமிஷத்தில்தான். அண்ணன் ஜெயிலுக்குப் போகக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

வெடியுப்பும் கரியும் இருந்ததால் வெடிமருந்துதானே என்று அரசு வக்கீல் கேட்டார். கரிக்கட்டையில் குழி தோண்டி, உப்பை வைத்து ஊதிப்பார்த்த தடம் இருக்கிறது, இது மாணவர்கள் செய்யும் சோதனை என்றார் பரிசோதகர். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். குப்பிகளை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். நீலக் கட்டி துருசு, அதாவது காப்பர் சல்பேட் என்றேன், அம்மோனியா விட்டால் கடும் நீலமாகும் என்றேன். மற்றவற்றுக்கும் பதில் சொன்னேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிக் குப்பியில் வெள்ளைத் தூள். போலீஸ் பரிசோதகருக்கு அனுப்பாமல் விட்ட குப்பி அது. ஒட்டியிருந்த காகிதம் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது.

"இது என்ன?"

எங்கள் வக்கீல் உதட்டை அசைத்தார். சாப்பாட்டு உப்பு என்று சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடமிருந்த வெள்ளை உப்புகள் ஒன்றா இரண்டா?

"பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும்," என்றேன்.

சோதித்து வர உத்தரவாயிற்று. ஜாமீன் இல்லை. அண்ணனைத் திரும்பவும் சப்ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த நாட்களில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். ஜெயிலுக்குள்ளும் போலீஸின் ஆத்திரம் பாய்ந்தது. சர்க்காரை எதிர்க்கிறவனா என்று கேட்டுக் கேட்டு அண்ணனின் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். அந்தத் தூள் நவச்சாரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பது, என்று பதில் வந்து அண்ணன் விடுதலையானபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. சீழ் வடிந்துகொண்டிருந்தது.

கோர்ட்டிலிருந்து நடந்து வரும்போது கேட்டான். "சாப்பாட்டு உப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"அது சாப்பாட்டு உப்பில்லண்ணே. சொல்லியிருந்தா, சோதிச்சுப் பாத்து நான் பொய் சொன்னேன்னு ஆயிருக்கும். பொறவு மத்த குப்பியளப் பத்திச் சொன்னதையும் ஆரும் நம்பமாட்டாவ."

சீழ் வடிந்த காதைத் துண்டால் துடைத்தான். "நீ சொல்லியது சரியாக்கும். ஆனா அடி வாங்கினது நானாக்கும்."

நான் அவன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டேன்.

அப்பா சாய்ப்பைக் கழுவிப் பூட்டினார். "இனி இந்த வீட்டுல ஒரு குப்பி காணப்பிடாது. பி.டி.க்குப் போ." தேர்வு எழுதித் தேறினேன், பி.டி.க்குப் போகவில்லை. ஒரு வருஷம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மா சோறு போட்டுவிட்டு எழுந்துபோவாள். பிறகு எல்லைக்கோடு எங்கள் ஊருக்குக் கிழக்கே விழுந்தது, நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். அண்ணன் கோட்டைத் தாண்டி மார்த்தாண்டம் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தான். நான் நகரத்தில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டேன்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். "உங்கள் அண்ணன் வெடிகுண்டு வழக்கில் இருந்தவர் அல்லவா?" என்றார் ஒருவர்.

"விடுதலையானார்."

"நீங்கள் தமிழா?"

"வீட்டில் தமிழ். அறிக்கை இங்கிலீஷில்தானே எழுதவேண்டும்?"

ஒருவர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. ஆனாலும் வேலை கிடைத்தது. சேதி சொல்ல அண்ணனிடம் போனேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டான். "போலீஸுக்கு வேல செய்யப் போறியா?" என்றான். கோர்ட்டுக்கு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு அறுப்பு வாளை அரத்தால் ராவப் போய்விட்டான். அந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் வந்தான்.

வேலையில் நான் பிரித்த முதல் பொட்டலத்தில் ஒரு வெட்டுக்கத்தி. பிடியில் முடி ஒட்டியிருந்தது. காய்ந்த கறையைச் சுரண்டும்போது தலைமைப் பரிசோதகர் வந்து, வேண்டுமானால் வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். சாயங்காலம் ரத்தம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் சாப்பிட்டேன்.