கேட்காமல் விட்ட கையெழுத்து

இலங்கையில் இந்த அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நான் செய்த வேலைகளிலேயே விசித்திரமானது, ஒரு வெள்ளைக்காரத் துரையின் சட்டையையும் காற்சட்டையையும் மூன்று வாரம் சவுக்காரம் போடாமல் துவைத்ததுதான். வெறும் ஓடைத் தண்ணீரில் அலசி மானாப்புல்லின் மேல் காயப்போட வேண்டும். இஸ்திரி போடக் கூடாது. துரையும் அந்த மூன்று வாரம் வாசனைச் சவுக்காரத்தைத் தொடவில்லை, சுருட்டையும் விட்டுவிட்டார். நம் முசிறிப் பக்கத்தில் ஒருத்தன் இப்படித் திரிந்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் வேட்டைக்குத் தயாராவது.

வேட்டை மரைக்கு. நீங்கள் கடமான் என்பீர்கள், இந்த மலையில் அது மரை, துரைமார் வாயில் எல்க். துப்பாக்கியால் சுடுவதில் எங்கள் துரைக்கு ருசி விட்டுப்போயிருந்தது. சீமையிலிருந்து இரும்பு வில் ஒன்றும் இரண்டு டசன் அம்பும் வரவழைத்திருந்தார். வேட்டைத் தடை நீங்கும் முதல் வாரத்திலேயே, மற்றவர்களின் வெடிச்சத்தம் காட்டைக் கலைப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது அவர் திட்டம். தோட்டத்து எல்லைக்கு மேலே இருப்பது சர்க்கார் காடு, பெர்மிட் எடுத்தவர் யாரும் போகலாம். பங்களாவில் எடுபிடி வேலைக்கு இருந்த என்னைக் காடு பழகினவன் என்று யாரோ சொல்லிவைக்க, அவர் துணைக்குப் பிடித்துக்கொண்டார். காடு பழகினதாவது ஒன்றாவது. ஊரில் நான் துரத்தியதெல்லாம் முயல்.

நம் பக்கத்து முயல் வேட்டை உங்களுக்குத் தெரியும். ஊரே திரண்டு, தப்படித்து, தொண்டை கட்டும்வரை கத்தி, நாய்களை ஏவிவிட்டுப் போவோம். கிளம்பும்முன் கருப்புக்குக் கற்பூரம் ஏற்றாமல் ஒருத்தனும் காலெடுத்து வைக்க மாட்டான். இங்கே எல்லாம் தலைகீழ். சத்தம் கூடாது, வாசம் கூடாது, தும்மல் வந்தால்கூட விழுங்க வேண்டும். நான் சாக்கில் புல் திணித்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டு, பங்களாவுக்குப் பின்னால் நிறுத்தினேன். தினமும் சாயங்காலம் துரை முழங்காலிட்டு அம்பு விடுவார். தவறிய அம்புகளைத் தேயிலைச் செடிக்குள் தேடி எடுத்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லில் முனையைத் தீட்டிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் போய்ப் புழுக்கையையும் கொம்பு உரசிய மரத்தையும் பார்த்து வருவோம். துரை காய்ந்த புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுவார். “மானுக்குக் கண் கொஞ்சம். மூக்கு ரொம்ப” என்பார், அவருடைய தோட்டத்துத் தமிழில்.

அதே நாட்களில்தான் பிரஜாவுரிமை கேட்டு எழுதும் பாரங்கள் வந்தன. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்தோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் இந்த நாட்டுக்காரர்கள், இல்லையென்றால் யாரோ. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லாரும் கொடுத்தார்கள். என் பாரத்தில் ஒரு சிக்கல். அப்பா செத்தபோது முசிறிக்குப் போய்ச் சில மாதம் தங்கிவிட்டேன். அப்போதும் என் பேர் தோட்டத்துப் புத்தகத்தில் இருந்தது என்று துரை ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். தினமும் பத்தடி தூரத்தில் நின்று அவருக்கு அம்பு எடுத்துக் கொடுத்தவன் நான்.

“ஏங்க, எல்லாரும் பாரத்தக் குடுத்துட்டாங்க. நீங்க இன்னும் தொரைகிட்ட கேக்கலியா?” என்றாள் என் மனைவி பாக்கியம்.

“இப்ப கேட்டா நல்லாருக்காது. வேட்டை முடியட்டும், மான் விழுந்தா அவரே என்ன வேணும்னு கேப்பாரு” என்றேன். பெரியவர்களிடம் முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் புத்தி எனக்குச் சோறு போட்டதைவிடக் குழி வெட்டியதுதான் அதிகம்.

வேட்டை நாள் விடியற்காலையில் எல்லைக் கல்லுக்குப் போய்விட்டோம். கீழே பள்ளத்து ஓடைக்குக் கொம்புமரை ஒன்று தினமும் வருவதை நானே பார்த்துச் சொல்லியிருந்தேன். துரை வில்லுக்கு நாண் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் போய், பச்சைக் கொப்பை ஒடித்துச் சாமிக்குக் காணிக்கையாக மரத்தில் தொங்கவிட்டு, மடியிலிருந்த கற்பூரத்தைக் கொளுத்தினேன். மான் விழணும், துரை மனசு குளிரணும், கையெழுத்துக் கிடைக்கணும் என்று கும்பிட்டேன். மூன்று வாரம் சவுக்காரம் போடாமல் துவைத்த அதே கை. அந்த நிமிஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

நாங்கள் கொஞ்சம் கீழே இறங்கி நின்றபோது, அதுவரை எதிரே வந்த காற்று திரும்பி எங்கள் முதுகிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியது. மரை ஓடைக்கரையில் நின்றிருந்தது. துரை வில்லை முக்கால்வாசி இழுத்திருப்பார். அது தலையைத் தூக்கி, ஒரு தடவை கனைத்து, மறு நொடியில் காட்டுக்குள் போய்விட்டது.

துரை என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். “என்ன வாசம்?”

“சாமிக்குங்க தொரை. கற்பூரம்.”

அவர் நாணிலிருந்து அம்பைக் கழற்றினார். “நான் சொன்னேன். மானுக்கு மூக்கு இருக்கு” என்றார். வேறொன்றும் பேசவில்லை. பங்களா வரும்வரை பேசவில்லை.

அந்த மௌனத்தைக் கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேட்டையைக் கெடுத்தவன் எந்த முகத்தோடு போய்க் கையெழுத்துக் கேட்பது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். காலையில் சப்பாத்துக்குப் பாலிஷ் போடும்போது வாய்வரை வரும், விழுங்கிவிடுவேன். பாக்கியம் இரண்டு தடவை கேட்டாள், மூன்றாம் தடவை கேட்கவில்லை. பாரம் கொடுக்கும் கடைசி நாளும் போனது.

ஒரு மாதம் கழித்துத் துரை சீமைக்கு லீவில் கிளம்பினார். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஆட்களின் பேர் எழுதிய ஒரு கடதாசியோடு வந்து நின்றார்.

“கேட்ட எல்லா ஆளுக்கும் நான் லெட்டர் குடுத்தேன். உன் பேர் இல்லே. ஏன் கேக்கலே?”

“தொரை வேட்டையக் கெடுத்துட்டேனுங்க. அதான் கேக்க பயமா இருந்துச்சு.”

துரை நெற்றியைச் சுருக்கினார். “எந்த வேட்டை?”

நான் கற்பூரத்தைச் சொன்னேன். “ஓ, அது” என்று சிரித்தார். அந்த வாரமே இன்னொரு தோட்டத்துத் துரையோடு போய் வேறு ஒரு மரையை அடித்தாராம். எனக்குச் சொல்ல மறந்துவிட்டாராம்.

பாரம் கொடுத்தவர்களிலும் பலருக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆனால் அவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு சர்க்கார் இருக்கிறது. எனக்கு நான்தான் இருக்கிறேன். கணவன் எப்படியோ மனைவியும் பிள்ளைகளும் அப்படியே என்று பாக்கியத்தின் பேரும் என்னோடு போனது. அவள் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஹட்டன் ஸ்டேஷனுக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. அந்தக் கடைசி நாள் போன பிறகு இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டோம். முசிறியில் எனக்கு இருந்த ஒரே சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அவர் செத்து ஆறு வருஷமாகிறது என்று யாரோ பதில் எழுதினார்கள், கையெழுத்து அடையாளம் தெரியவில்லை.

போன வாரம் பாக்கியம் எதை எடுப்பது, எதைக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்திய கறுப்புக் கம்பளிகள் இரண்டை மடியில் வைத்திருந்தாள்.

“ஏங்க, நம்மூர்ல குளிருமா? இத எடுத்துக்கவா, பக்கத்து வீட்டுக்குக் குடுத்துரவா?”

பார்க்காத ஊரை நம்மூர் என்கிறாள். முசிறி வெயிலில் கம்பளியோடு அவள் நடந்தால் தெருப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பின்னால் வருவார்கள்.

“குளிரும். எடுத்துக்க” என்றேன்.