ஒன்பதாவது தடவை வந்த திருத்தம்

எட்டாவது தடவையாக அந்தத் திருத்தம் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆம்பூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் பார்ப்பது, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் இருக்கும் ஒரு நெட்வொர்க் மாட்யூலுக்கு வரும் திருத்தங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒரே கணினிக்குள் பல கணினிகள் ஓடுவதுபோல் அமைத்திருப்பார்கள். இல்லாத நெட்வொர்க் கார்டை இருப்பதாகக் காட்டி அவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பது இந்த மாட்யூல். திருத்தத்தின் அடியில் என் பெயர் இருந்தால் மாட்யூலின் பொறுப்பாளர் மறுபடி படிக்க மாட்டார், அப்படியே சேர்த்துக்கொள்வார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

திருத்தத்தை அனுப்பியவர் எந்த ஊரோ, முகம் தெரியாது. மூன்றாவது தடவை ஒரு பூட்டைத் திறக்காமல் விட்டிருந்தார். கார்டுகளின் பட்டியலை நிரல் தொடும் முன் அதைப் பூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். நடுவில் பிழை வந்தால் இவருடைய நிரல் திறக்காமலே வெளியேறிவிடும், மொத்தக் கணினியும் உறைந்து நிற்கும். சொன்னேன், சரிசெய்தார். ஏழாவது தடவை, அந்தப் பூட்டு இருக்கும் நிரல் பகுதியான ஃபங்ஷன் அனுமார் வாலாக நீள்கிறது, இரண்டாகப் பிரியுங்கள் என்றேன். எட்டாவதில் பிரித்திருந்தார். ஏன் பிரித்தார் என்று குறிப்பில் ஒரு வரி கிடையாது. அதற்கு மேல் படிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "ஒரு விளக்கம் எழுதக்கூடவா தெரியாது?" என்று திருப்பி அனுப்பினேன்.

அவருடைய பதில் எப்போதும் 'தங்கள் நேரத்துக்கு நன்றி' என்றுதான் தொடங்கும். அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒன்பதாவதில் விளக்கம் இருந்தது. அதை மட்டும் படித்துவிட்டு, தொலையட்டும் என்று பெயரைப் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கிய தங்கையிடம் புலம்பினேன். அவள் ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங்கில் இருக்கிறாள். குறை தெரிகிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள்.

"ரீவொர்க் ஆயி வந்தத எங்கேர்ந்து பாப்பக்கா நீ?"

"சொன்ன எடத்ததான்."

"இன்னாக்கா நீ! ஒரு எடத்த சரி பண்ண சொல்லோ இன்னொரு எடத்துல பசை பட்டுடும். நாங்க புதுசா வந்த ஷூ மாதிரி முதல்லேர்ந்து பாப்போம்."

"ஷூவும் இதுவும் ஒண்ணாடி? போய் மூஞ்சி கழுவு" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து, நாங்கள் எல்லாரும் இருக்கும் மின்மடல் குழுவுக்குக் கடிதம் வந்தது. கணினிகள் உறைந்து போகின்றனவாம், மாணவர்கள் செய்து வைத்த வேலையெல்லாம் போயிற்றாம். தேடிப்போனால் அதே திருத்தம், அதே பூட்டு. ஃபங்ஷனை இரண்டாகப் பிரித்தபோது, பூட்டைத் திறக்கும் வரி இரண்டு பக்கத்திலும் இல்லாமல் விடுபட்டுவிட்டது.

குழுவில் எல்லாரும் அவரைத்தான் கிழித்தார்கள். அவர் 'என் கவனக்குறைவு, மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதினார். பிரிக்கச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறகு, 'பிரிக்கச் சொன்னவள் நான். பிரித்த பிறகு படிக்காமல் பெயர் போட்டவளும் நான்' என்று எல்லாருக்கும் எழுதினேன். பொறுப்பாளர் 'சரி' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார்.

அடுத்த வாரம் வேறொரு திருத்தத்தை வரிவரியாகப் படித்து, பெயர் போட்டு அனுப்பினேன். பொறுப்பாளர் அதை முதலிலிருந்து தானே மறுபடி படித்திருந்தார். இரண்டு கேள்வி கேட்டிருந்தார், இரண்டுக்கும் விடை அந்தத் திருத்தத்திலேயே இருந்தது. கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது?

'தங்கள் நேரத்துக்கு நன்றி' என்று தொடங்கிப் பதில் எழுதினேன்.