குசினிக்கு மாபிள்

எழுவைதீவில் அந்தோனியம்மாவோடு சண்டை பிடிக்காதவர்கள் குறைவு. கணவர் மரியநாயகம் இருந்த காலத்திலும் சரி, அவர் நெஞ்சுவலியில் போன பிறகும் சரி, கருவாடு காயப்போட்டு, ஊர்காவற்றுறைக்குப் படகில் கொண்டுபோய் விற்று வீட்டைக் கட்டியவர் அந்தோனியம்மாதான். இன்னொருவர் சொல்லைக் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரே மகள் நிமலினிக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்தார். மாப்பிள்ளை மிரோஜன் படகு எஞ்சின் திருத்துபவன். கலியாணத்துக்கு முன்னர் வாசலுக்கும் குசினிக்கும் மாபிள் பதிக்க வேண்டும் என்றான். அந்தோனியம்மாவும் சம்மதித்தார். எந்த மாபிள் என்று மட்டும் அவரை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை, முகம் தெரியும்படி பளபளக்கும் வெள்ளை மாபிள் பெட்டி பெட்டியாகப் படகில் வந்திறங்கியது.

“ஆரைக் கேட்டு உந்த மாபிளை எடுத்தனீர்?” என்றார் அந்தோனியம்மா.

“நான் இருக்கப்போற வீடு மாமி. நான்தானே பாக்கவேணும்.”

“வீடு என்ரை பிள்ளையின்ரை. நீர் அதுக்கை இருக்க வாறீர்.”

மிரோஜனின் முகம் கறுத்தது. “என்ரை சிநேகிதர் வந்தால் இந்தச் சீமெந்திலையோ நிக்கிறது? நிலமெல்லாம் மீன் நாத்தம்.”

“அந்த நாத்தத்திலைதான் இந்தச் சுவர் எழும்பினது.”

மாபிள் பதிக்க வந்திருந்த மேசன் நிருபன் சாந்துக் கரண்டியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அந்தோனியம்மா ஒரு பெட்டியைப் பிரித்து, சில கற்களைக் குசினி வாசலில் பரப்பி, மீன் கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

“நடந்து காட்டும்.”

“உங்கடை விளையாட்டுக்கு நான் ஆளில்லை.”

நிமலினி செருப்பைக் கழற்றினாள். இந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஈரக் கல்லில் கால் வைத்தவள் அடுத்த அடியிலேயே வழுக்கினாள். கதவுநிலையில் மணிக்கட்டு அடிபட விழுந்தாள்.

“சொன்னனான்தானே” என்றார் தாய்.

“தண்ணி ஊத்தினது நீங்கள்” என்றான் அவன்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். அவள் தானாகவே எழும்பினாள்.

“குசினியிலை நிண்டு சமைக்கப்போறது நான். இனி ரெண்டுபேரும் கதைக்க வேண்டாம்.” வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு மேசனைக் கூப்பிட்டாள். “அண்ணை, வாசலுக்கும் குசினிக்கும் சொரசொரப்பான கல்லு எடுப்பம். இந்த வெள்ளையை அடுப்புச் சுவரிலை ஒட்டுங்கோ.”

கலியாணம் நடந்தது. சாம்பல் நிறக் கல் பதித்த அந்தக் குசினியில் மாரி முழுவதும் ஒருவரும் வழுக்கி விழவில்லை. மிரோஜன் மாமியாரோடு எதையுமே கதைப்பதில்லை. அவர் கறி வைக்கும் நாள்களில், அவர் எதிரே இருக்கும்போதும், “கறிக்கு உப்புக் காணாதெண்டு உம்மடை அம்மாட்டைச் சொல்லும்” என்பான். அவரும் மகளைப் பார்த்தே, “ஏலாதெண்டால் தேப்பன் வீட்டிலை போய்ச் சாப்பிடச் சொல்லு” என்பார்.

தைமாதம் அந்தோனியம்மா பின்வளவில் தென்னோலைக் கிடுகால் சின்னக் கொட்டில்போல ஒரு பத்தி இறக்கித் தனி அடுப்பு மூட்டினார்.

“ஏனம்மா வெளியிலை புகைக்கை கிடந்து கஷ்டப்படுறியள்?”

“அவன்ரை மூஞ்சியைப் பாத்தால் எனக்குச் சோறு இறங்காது.”

நிமலினி மறிக்கவில்லை. குசினியில் இப்போது சட்டி பானைச் சத்தம்தான் கேட்கிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இருவரிடமும் அதை அவள் சொல்லவில்லை.