சந்தனப் பொட்டு வைத்த சங்கு

அன்று காலை குன்னூரில் நல்ல மழை. விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது எஸ்தர் அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றாள்.

எஸ்டேட் ஆபீசில் டெலிபோன் எடுத்தவராகத்தான் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அவர் தபால்தலை அக்கா. எந்த நாட்டுத் தபால்தலையானாலும் அதில் சங்கோ சோழியோ இருந்தால்தான் தொடுவார். "பூவும் புலியும் எல்லாரும் சேக்கறாங்க அம்மிணி. ஓட்டுக்குள்ள குடியிருக்கறத யாரு பாக்கறா?" என்பார்.

ஒருமுறை நூலகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடானது. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் வீட்டு நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதுகிறவள் என்பதால் பட்டியல் போடும் வேலையை என்னிடம் தந்தார். ஆல்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதில் ஒரு தபால்தலையில் இருந்த சங்கு வலம்புரி. பெருமாள் கையில் இருப்பதைப் போலவே சுழித்திருந்தது. 'வலம்புரி' என்று என் நோட்டில் பட்டியல் எழுதும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. பூஜையில் வைத்து, கைப்பழக்கத்தில் சந்தனமும் இட்டுவிட்டேன். கற்பூரம் அணைந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. துடைத்தேன், கறை இன்னும் பரவியது. கண்காட்சிக்கு இரண்டே நாள்.

அழுதுகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இது வலம்புரியே இல்ல அம்மிணி. சாதாரணச் சங்கு. அச்சடிச்சவங்க படத்தத் திருப்பிப் போட்டுட்டாங்க. அந்தத் தப்புக்காகத்தான் இத இத்தன வருசம் தேடுனேன்."

"ஏனுங்கக்கா, அப்ப நான் கும்பிட்டது?"

"அதெல்லாம் சரியான விலாசத்துக்குப் போயிருக்கும், போ."

கண்காட்சியில் ஒருவர், "இத எடுத்துருங்க மேடம், அழுக்காயிருக்கு" என்றார். "அழுக்கில்லீங்க, சந்தனம்" என்று சொல்லி அக்கா அதை நடுவில் வைத்தார். கீழே ஓர் அட்டையில் எழுதினார்: 'வலம்புரியாக்கியது அச்சகம். பொட்டு வைத்தது பக்கத்து வீடு.'

நோட்டில் தப்பு வந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவது என் வழக்கம். 'வலம்புரி'யை அடிக்கப் போனபோது அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் அம்மிணி. உன் நோட்டுலயாவது அது வலம்புரியா இருந்துட்டுப் போகட்டும்."

ஆல்பம் அக்காவின் மகளோடு போய்விட்டது. நோட்டு மட்டும் என் பூஜை அலமாரியில் இருக்கிறது. அதில் நான் அடிக்காமல் விட்ட தப்பு அது ஒன்றுதான்.