உரியவர் கையில் மட்டும்

நான் வேலை பார்க்கும் தபால் நிலையம் ஒரே ஒரு அறை. உப்பூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்தபோது எனக்கு இந்த ஊர் விழுந்தது. என் வீடு இருப்பது கமுதிப் பக்கம். கணவருக்கு அங்கே மிளகாய்க் காடு, பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அங்கே பள்ளிக்கூடம். கிளை அஞ்சலகத்தை நடத்துகிறவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்துக்கு இடத்தையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு வீட்டை எடுத்து, முன்னறையை அலுவலகமாக்கிவிட்டுப் பின்னறையில் தனியாக இருந்தேன். முத்திரை குத்துவதும் நான்தான், வீடு வீடாகப் போய்ப் பட்டுவாடா செய்வதும் நான்தான்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பூட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். விடுமுறை முடிந்து வேலை நாள் காலையில் திரும்புவேன். விதிப்படி அது தப்பு. சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு தாய் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

மசூதித் தெருவில் ஒரு ராத்தா இருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கணவர் இருபது வருஷத்துக்கு மேலாக வளைகுடாவில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இல்லை. ராத்தாவுடன் இருந்தது அவருடைய தம்பி மட்டும். மீன் கம்பெனியில் ஐஸ் பெட்டி ஏற்றும் வேலை அவருக்கு. அந்த வருஷம் ராத்தாவின் கணவருக்குப் பக்கவாதம் வந்து அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். விமானத்தில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக, உடன் தங்கியிருந்தவர்கள் போனில் சொன்னார்கள். பேச்சு குழறியது, ஆனால் ஆளை அடையாளம் தெரிந்தது. ராத்தாவின் பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

ராத்தாவிடம் பாஸ்போர்ட் இல்லை. ராமநாதபுரத்தைத் தாண்டி அவர் போனதே நாலைந்து தடவைதான். அவசரம் என்று விண்ணப்பித்தார். விசா ஏஜெண்ட், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், அன்றைக்கே மனுப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து ராத்தா தினமும் தபால் பை வரும் நேரத்துக்கு வந்து வாசலில் நிற்பார்.

"வந்துருச்சாம்மா?"

"இன்னும் வரல ராத்தா. வந்தா நானே வீட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"நீ அலையாதம்மா. நான் இங்கனதான நிக்கிறேன்."

எட்டு நாள் நின்றார். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. ஏஜெண்ட் ஏதோ தாளில் கையெழுத்து வேண்டும் என்று கூப்பிட்டதால் காலையிலேயே ராமநாதபுரம் போய்விட்டார். அன்றைக்கு வந்த பையில்தான் அவருடைய பாஸ்போர்ட் இருந்தது.

கவரின் மேல் பேரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மற்றத் தபால்களை வைத்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தம்பிதான் கதவைத் திறந்தார். என் கையில் கவரைப் பார்த்ததும் வாங்கக் கை நீட்டினார்.

"அண்ணே, இத ராத்தா கையிலதான் குடுக்கணும். வேற யாருகிட்டயும் குடுக்கக் கூடாது."

"கூடப் பொறந்த தம்பிம்மா நான். அக்காவோட ஆதார் இருக்கு, என்னோடதும் இருக்கு. வேணும்னா போன் போடுறேன், அக்காவே சொல்லும்."

"போன்ல சொன்னா எங்க ஆபீசுல ஏத்துக்க மாட்டாக அண்ணே. பாஸ்போர்ட்டு மட்டும் உரியவக கையிலதான்."

"அப்ப நீயே பிரிச்சு ரெண்டு பக்கத்த மட்டும் போட்டோ எடுத்துக் குடு. கவர நீயே வச்சுக்க."

ஒட்டிய கவரை நான் எப்படிப் பிரிப்பேன்? சில மாதங்களுக்கு முன்தான் பக்கத்து ஊர் தபால்காரர் ஒரு பாஸ்போர்ட்டை அண்ணன் கையில் கொடுத்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. அண்ணன் அதை ஒளித்து வைத்துக்கொண்டார். தம்பியின் பயணம் போயிற்று, தபால்காரருக்கு வேலை போயிற்று. அந்த விதி யாரோ பொழுதுபோகாமல் எழுதியதில்லை என்று எனக்குத் தெரியும். என் பயமும் எனக்குத் தெரியும். என் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைகளின் படிப்பு இருந்தது.

"ராத்தா வரட்டும்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மதியம் ராத்தா வரவில்லை. ஏஜெண்ட் ஆபீசில் கூட்டம் என்று தம்பி வந்து சொன்னார். நான் கவரை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். செல்போன் செயலியில் 'முகவரிதாரர் இல்லை' என்று பதிந்து அன்றைய கணக்கை முடித்தேன். மறுநாள் ஞாயிறு, அதற்கு அடுத்த நாள் அரசு விடுமுறை. மூன்று மணி பஸ் வந்தது. சின்ன மகளுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது போனில் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். ராத்தாதான் எடுத்தார். அஞ்சு மணிக்கே வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் தபால் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார்.

"பூட்டிக் கெடக்கும்மா. எங்கன இருக்க?"

"ஊருக்கு வந்துட்டேன் ராத்தா. மகளுக்குக் காச்சல். செவ்வாக்கெழம காலையில மொத வேலையா உங்க கையில தாரேன்."

"புள்ளைக்கு இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

உண்மையில் மகளுக்கு அன்று காய்ச்சல் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஏறியிருந்தால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். போகவில்லை. கறி எடுத்துச் சமைத்தோம். பெரியவளுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

திங்கள் காலை ராத்தாவின் கணவர் இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெரு முக்குக் கடைக்காரர்தான் சொன்னார். "மசூதித் தெருவுல துக்கம். வெளிநாட்டுலயே அடக்கம் பண்ணிட்டாகளாம்." அன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. மறுநாளும் போகவில்லை. ஆனால் ஏழு நாளுக்குள் பட்டுவாடா ஆகாத பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். ஆறாம் நாள் கவரை எடுத்துக்கொண்டு போனேன்.

ராத்தா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருப்பது. நான் பெண் என்பதால் உள் அறைக்கு விட்டார்கள். வெள்ளைத் துணியில் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் கவரை நீட்டினேன். கையெழுத்து வாங்க வேண்டும். செல்போன் திரையில் விரலால் எழுதவேண்டும். அவர் மூன்று தடவை அழித்து எழுதினார். கவரைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. உடன் தங்கியிருந்தவர்கள், இறந்தவரின் துணிமணி, கண்ணாடி, தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் ஒரு தனியார் கார்கோவில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்த ஆள் யார் பேரையும் கேட்கவில்லை. முக்குக் கடையில் இறக்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் முட்டைத் தட்டுகளுக்கு நடுவே கிடந்தது. தம்பி வந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தம்பிதான் புகார் கொடுத்தார். பிரவுசிங் சென்டரில் யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் கொடுக்க மறுத்தார் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. விசாரிக்க ஆய்வாளர் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனார். ராத்தா திரைக்குப் பின்னால் இருந்து பதில் சொன்னார்.

"அந்தப் புள்ள சட்டப்படிதான் செஞ்சுச்சு சார். தம்பி வருத்தத்துல எழுதிட்டான்."

"அன்னைக்கி சாயங்காலம் தபாலாபீசுக்குப் போய்ப் பாத்தீங்களாம்மா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு பதிலில் என் வேலை இருந்தது.

"இல்ல சார். பஸ்ஸு லேட்டு. நான் போகல" என்றார் ராத்தா.

ஊழியர் மீது தவறு இல்லை என்று தாள் வந்தது. விதியை முறையாகக் கடைப்பிடித்தார் என்றும் ஒரு வரி இருந்தது. நான் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. இன்று வரை அனுப்பவில்லை.

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் போய்க் கேட்டேன். "ஏன் ராத்தா அப்படிச் சொன்னீங்க?"

அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ ஒம் புள்ளைகளப் பாக்கப் போயிருந்த. அதுக்காக ஒன் சோத்துல மண்ணள்ளிப் போடுவனா?"

"நான் ஞாயித்துக்கெழமயே வந்திருக்கலாம் ராத்தா."

"வந்திருந்தாலும் ரெண்டு நாள்ல விசா கெடச்சிருக்காதுன்னு ஏஜெண்டு சொல்றாரு." இன்னொரு மீனை எடுத்தார். "கெடச்சிருக்கும்னு தம்பி சொல்றான். எனக்குத் தெரியல. பாஸ்போர்ட்டு வந்துருச்சுன்னு அவுக காதுல போட்டிருக்கலாம். சனிக்கெழமயே போன்ல சொல்லியிருந்தா, வாரேன்னு நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடியிருப்பாக. கையில இல்லாம எப்படிச் சொல்றதுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்து மீன் செதிலை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஜூன் மாதம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து பள்ளியில் சேர்த்தேன். இப்போது கணவர்தான் வாரக் கடைசியில் பஸ் ஏறி வருகிறார். போன வாரம் ராத்தா தபால் நிலையத்துக்கு வந்து, அந்தப் பாஸ்போர்ட்டை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட முடியுமா என்று கேட்டார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லையாம். அப்படி அனுப்ப வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யாரிடமும் விசாரிக்கவில்லை.