அப்பா பதில் சொல்லாத கேள்வி

காலை பத்தே முக்காலுக்குத் தம்பியின் குடல்வால் அறுவை முடிந்தது. சற்று நேரத்தில் விழித்துவிடுவான் என்றார்கள். விழிக்கவில்லை, தானாக மூச்சும் விடவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் ஈஜிபுராவில் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன நர்சிங் ஹோமில்தான் அறுவை நடந்தது. எனக்கு ஒன்பது வயது. கதவு இடுக்கு வழியே பார்த்தேன். மயக்கமருந்து டாக்டர் தம்பியின் தலைமாட்டில் நின்று ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையோடுதான் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

அதே டாக்டர் காலையில் அப்பாவிடம், "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க எந்த ஜனம்?" என்று கேட்டிருந்தார்.

அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் யூனியன் ஆள். நாங்கள் மளிகைக்கடை வைத்துப் பிழைக்கும் வைசியச் செட்டியார்கள். அப்பா கடையையும் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த செட்டியையும் சேர்த்தே உதறியவர். "வைத்தியத்துக்கு ஜாதி எதுக்கு டாக்டர்? மனுஷ ஜாதின்னு எழுதிக்கோங்க" என்றார். காரணம் சொல்ல வாயெடுத்த டாக்டர், முகம் சிறுத்து உள்ளே போய்விட்டார். எனக்கு அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமை. சாதியை விட்டவர், வழக்கப்படி சொந்த அக்காள் மகளைத்தான் கட்டியிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்கள். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அந்த மருந்தைச் சில நிமிடத்தில் முறித்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாது; மணிக்கணக்கில் தானாக மூச்சுவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த எங்கள் ஜனத்தில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். டாக்டர் கேட்டது அதற்காக. போன மாதம் என் மகளின் அறுவைக்கு முன், யாரும் கேட்காமலே நான் சாதியைச் சொன்னேன்.

அன்று நாலு மணி வாக்கில் தம்பி தானாக ஒரு மூச்சு இழுத்தான். டாக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். அவர் விரல்கள் பையைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன.

பொழுது சாயும்போது அத்திபெலேயில் இருந்த குடும்ப மளிகைக்கடையை மூடிவிட்டுப் பெரியப்பா வந்து சேர்ந்தார். நேரே அப்பாவிடம் போனார். "நாம செட்டிங்கன்னு சொன்னியாடா? டான்சில் ஆபரேஷனுக்குப் போன நம்ம தங்கச்சி எழுந்திருக்கவே இல்லையே, அதுகூடவா மறந்துபோச்சு?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஜாதிப் பேச்சா என்று எனக்குப் பெரியப்பா மேல்தான் கோபம் கோபமாக வந்தது.