அண்ணியின் கரித்துண்டு

அண்ணி கொடுத்தனுப்பும் மீன் குழம்புத் தூக்கின் மூடிமேல், காகிதத்தில் மடித்து ரப்பர் பேண்டு போட்ட கரித்துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். மீன் வாசனைக்குப் பேய் பின்னாலேயே வந்துவிடுமாம். கரி இருந்தால் கிட்டே வராதாம். அபிஷேகப்பாக்கத்தில் அண்ணி வீட்டிலிருந்து வில்லியனூரில் என் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிளாட் போட்டாயிற்று, பேய்க்கு நிற்க ஏது இடம்? சொன்னால் கேட்பாரா! விறகடுப்பு போய் கேஸ் வந்த பிறகும், இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். "ஒங்கண்ணிக்குப் பயந்தே பேயெல்லாம் கடலூர் பக்கம் போயிடுச்சி" என்று அண்ணன் சிரிப்பார். மணப்பட்டுக் கடற்கரைக்கு வண்டியை விட்டு சங்கரா மீன் வாங்கி வருவதும், ஆக்கியதை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி என்று பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணி மீன் பக்கமே போகவில்லை. ரசமும் துவையலுமாக ஒப்பேற்றினார். கேட்டால், "யாருக்குடி ஆக்கணும்?" என்பார். ஆளே பாதியாகிவிட்டார். இப்படியே விட்டால் அண்ணியும் நமக்கு இல்லாமல் போய்விடுவார் என்று எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வம்படியாக என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் மகள் ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றைத் தமிழில் போட்டிருந்தாள். "பொம்மப் படமா? நீயே பாரு" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் துணி மடிக்கிற சாக்கில்தான் உட்கார்ந்தேன். அம்மாவை இழந்த ஒரு சிறுமி, தானே வறுத்த மீனும் சோறும் எடுத்துக்கொண்டு காட்டு வழியே போகிறாள். வாசனைக்கு மரத்துக்கு மரம் உருவங்கள் இறங்கிப் பின்னால் வருகின்றன. அண்ணி சட்டென்று திரும்பினார். "அடிப் பாவி, ஒரு கரித்துண்டு வெக்கத் தெரியல பாரு! சொல்லிக் குடுக்க வூட்ல ஆளில்லையா?" என்று டிவியைப் பார்த்து ஒரு அதட்டல். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பார்த்தால், அந்தப் பெண் தெரியாமல் செய்யவில்லை. வேண்டுமென்றேதான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். வந்த கூட்டத்தில் கடைசி ஆளாக அவள் அம்மா. வீட்டு வாசலில் உட்கார்ந்து, மகள் கையால் சாப்பிட்டு, அவள் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். குழந்தைகள் படத்தில் இப்படியா அழவைப்பார்கள்! மடித்த துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அண்ணி அழவில்லை. "சின்னப் புள்ள ஆக்குனது, உப்பு ஒறப்பு சரியா இருந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று தெரிந்த ஆட்டோக்காரரிடம் அண்ணி கொடுத்தனுப்பிய தூக்கு ஒன்று வந்தது. பழக்கத்தில் கை மூடிமேல் போயிற்று. கரித்துண்டு இல்லை. திறந்தால் சங்கரா மீன் குழம்பு! அண்ணி மறந்திருப்பார் என்று நினைத்துப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணி, கரி வெக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலடி. வர்ற மனுசன் வரட்டும். ஒரு தட்டு சேத்து வையி."

அண்ணனுக்கு மீன் தலைதான் பிடிக்கும். அதை எடுத்து அந்தத் தட்டில் வைத்தேன்.